பெற்றோருக்குக் கண்ணாடி இருந்தால் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும்? கிட்டப்பார்வையும் பரம்பரையும்: புதிய பெற்றோருக்கான வழிகாட்டி

கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை என்று பிள்ளை வந்து சொன்னதும் வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "எல்லாம் செல்போன் பார்த்துப் பார்த்து வந்தது" என்பார் ஒருவர். "எனக்கும் இருக்கிறது, உன் அத்தைக்கும் இருக்கிறது. பரம்பரையாக வருவதை என்ன செய்ய முடியும்?" என்பார் இன்னொருவர். முதல் பேச்சால் பிள்ளைக்குத் திட்டு விழும், அவ்வளவுதான். இரண்டாவது பேச்சுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பரம்பரை என்று சொன்ன கையோடு முயற்சியையும் விட்டுவிடுகிறார்கள். உண்மையில், குடும்பத்தில் கிட்டப்பார்வை (அருகில் உள்ளது தெளிவாகவும் தூரத்தில் உள்ளது மங்கலாகவும் தெரிவது) இருப்பது தெரிந்த பெற்றோருக்குத்தான் மற்றவர்களைவிட ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே வேலையைத் தொடங்கும் வாய்ப்பு இருக்கிறது.

பிள்ளைக்கு இப்போதுதான் முதல் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாலும், இனிமேல் வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்றாலும், கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் கண்ணுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாக அளந்தால் ஏறத்தாழ 17 மி.மீ. இருக்கும். வளர்ந்து முடிந்ததும் 23 முதல் 24 மி.மீ. வரை இருக்கும். இந்த வளர்ச்சி தேவைக்கு மேல் போய்விட்டால், ஒளி விழித்திரையைத் தொடுவதற்கு முன்பே குவிந்துவிடும். திரையை மட்டும் பின்னால் நகர்த்திவிட்ட சினிமாக் கொட்டகையில் படம் கலங்கித் தெரிவதைப் போல, தூரத்துப் பொருள்கள் மங்கிவிடும். கண் 1 மி.மீ. கூடுதலாக நீண்டால் சுமார் 2.5 முதல் 3 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) வரை மைனஸ் பவர் ஏறும்.

நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. பொன்னாங்கண்ணிக் கீரையும் கேரட்டும் உடலுக்கு நல்லவை, கொடுங்கள். ஆனால் அவை கண்ணின் நீளத்தைக் குறைக்கா. கண்ணை உருட்டும் பயிற்சிகளும் அப்படியே. ஏற்கெனவே ஏறிவிட்ட பவரை இறக்குவதாக எவர் சொன்னாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். இன்றைய சிகிச்சைகளின் இலக்கு, இனி நீளப்போவதை மெதுவாக்குவது.

கண்ணாடி போட்டால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்கலாம். மைனஸ் 6 டயாப்டரையும் அதற்கு மேலும் போவதை அதிக கிட்டப்பார்வை என்கிறார்கள். அந்த அளவுக்கு நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), விழித்திரையின் மையப்பகுதி தேய்தல் ஆகியவை பிற்காலத்தில் வரும் வாய்ப்பு கூடும். லேசர் சிகிச்சையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டாலும் இந்த ஆபத்து போகாது. பவர் ஒரு டயாப்டர் குறைவாக ஏறினாலே மையப்பகுதித் தேய்வுக்கான வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்று 2019இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. மைனஸ் 5இல் நிற்பதும் மைனஸ் 6இல் நிற்பதும் ஒன்றல்ல.

படி 1: குடும்பத்தின் கண் வரலாற்றை ஒரு தாளில் எழுதுங்கள்

மருத்துவரிடம் போகும் முன் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, மாமா, அத்தை என்று வரிசையாக எழுதுங்கள். யாருக்கு மைனஸ் பவர், எத்தனை வயதில் முதல் கண்ணாடி, இப்போது எவ்வளவு, யாருக்காவது விழித்திரை விலகியதா, விழித்திரைக்கு லேசர் செய்தார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் மூன்று இடங்களில் கணக்கு தவறிப்போகும். நாற்பது வயதுக்கு மேல் செய்தித்தாள் படிக்கப் போடும் கண்ணாடி வெள்ளெழுத்துக்கானது. அது கிட்டப்பார்வை அல்ல; சேர்க்காதீர்கள். எழுபது வயதுப் பாட்டிக்குக் கண்புரை முற்றும்போது மைனஸ் பவர் புதிதாக வரலாம். அதையும் சேர்க்க வேண்டாம். மூன்றாவதுதான் முக்கியம். கல்யாணப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. பெண் பார்க்கும் இடத்தில் சொல்லாமல் விட்டது, பிள்ளை பிறந்த பிறகும் சொல்லப்படாமலே போய்விடுகிறது. லேசர், கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கருவிழியின் வளைவைத்தான் மாற்றுகிறது. கண்ணின் நீளம் அப்படியே இருக்கிறது, பிள்ளைக்குக் கொடுத்த மரபணுக்களும் அப்படியே இருக்கின்றன. கண்ணாடி இல்லாத அப்பாவுக்கு இருபது வயதில் மைனஸ் 5 இருந்தது என்றால் அது தாளில் வந்தாக வேண்டும். பிள்ளையின் நலனுக்காக இந்த ஒரு விஷயத்தைத் தம்பதிகள் வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

படி 2: பரம்பரை எவ்வளவு தூரம் போகும் என்று புரிந்துகொள்ளுங்கள்

பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இல்லாத பிள்ளையைவிட, ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கூடுதல். இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடுதல். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. பிரிட்டனில் இரட்டையர்களை வைத்துச் செய்து 2001இல் வெளியான ஆய்வு, பவரில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் 84 முதல் 86 சதவீதம் வரை மரபணு சார்ந்தது என்றது.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரிச் சூழலில் வளர்ந்தவர்களுக்குள் ஏன் வேறுபாடு என்பதற்கான விடை அது. சூழலே மாறினால் என்ன ஆகும் என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அலாஸ்காவில், அப்போது பாரோ எனப்பட்ட ஊரில் எஸ்கிமோ குடும்பங்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார்கள். மூத்த தலைமுறையில் கிட்டப்பார்வை அரிது. பள்ளிக்கூடம் வந்த பிறகு வளர்ந்த பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருந்தது. இரண்டு தலைமுறைக்குள் மரபணுக்கள் அப்படி மாறுவதில்லை.

இன்னும் தெளிவான சான்று 2008இல் வந்தது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் 6, 7 வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை இருந்த பிள்ளைகள் சிங்கப்பூரில் 71 சதவீதம், சிட்னியில் 68 சதவீதம். ஆகப் பரம்பரை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கிட்டப்பார்வை வந்திருந்தது சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பிள்ளைகளுக்கு, சிட்னியில் 3.3 சதவீதம் பேருக்கு மட்டுமே. சிட்னிப் பிள்ளைகள் புத்தகம் குறைவாகப் படித்தவர்களும் அல்லர்; வாரத்துக்குப் படித்த புத்தகங்கள் அவர்களுக்குத்தான் அதிகம். பெரிய வேறுபாடு வெளியில் கழித்த நேரத்தில் இருந்தது: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05 மணி நேரம்.

மரபணு ஆராய்ச்சியும் இதையே வேறு வழியில் சொல்கிறது. சாதாரணக் கிட்டப்பார்வைக்கு ஒற்றை மரபணு காரணமில்லை. 2018இல் 161 மரபணு இடங்களைப் பட்டியலிட்டார்கள். 2020இல் அது 400ஐத் தாண்டியது. ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கிறது. அவற்றில் பல, விழித்திரை ஒளியை உணர்ந்து கண்ணின் வெளிச்சுவருக்கு 'வளர், நில்' என்று செய்தி அனுப்பும் வேலையோடு தொடர்புள்ளவை. அதாவது, பிள்ளைக்கு வந்து சேர்ந்த மரபணுக்களில் பல ஒளியின் வழியாக வேலை செய்கின்றன. வெளிச்சத்தை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

எச்சிலை அனுப்பினால் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருமா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனைகளுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. படி 1இல் எழுதிய தாளும், அடுத்த படியில் வரும் பரிசோதனையும் சேர்ந்து அதைவிடப் பயனுள்ள விடையைத் தரும்.

படி 3: சொட்டு மருந்து விட்டுப் பரிசோதியுங்கள்

பெற்றோரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை இருந்தால், பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும் முன் கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். 'தெரியவில்லை' என்று பிள்ளை சொல்லட்டும் எனக் காத்திருக்காதீர்கள். தனக்கு மங்கலாகத் தெரிவது பிள்ளைக்கே தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவிக்கு அருகில் போய் உட்காருவது, பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது ஆகியவை அடையாளங்கள்.

கண்ணைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்ட பிறகே பவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் கண் அருகில் குவிப்பதில் அவ்வளவு வலுவானது; மருந்து விடாமல் பார்த்தால் இல்லாத மைனஸ் இருப்பது போலத் தோன்றலாம். மருந்து விட்டபின் சில மணி நேரம், மருந்தைப் பொறுத்து ஓரிரு நாள்கூட, அருகில் மங்கலாகவும் வெயிலில் கூச்சமாகவும் இருக்கும். மறுநாள் தேர்வு இருக்கும் நாளில் போகாதீர்கள்.

முடிவு வந்ததும் சீட்டில் உள்ள எண்ணை நீங்களே படியுங்கள். மைனஸ் 0.50 அல்லது அதற்கு மேல் என்றால் கிட்டப்பார்வை வந்துவிட்டது. இதில் பலர் கவனிக்காதது பிளஸ் பக்கம். சின்னப் பிள்ளைக்குச் சிறிது பிளஸ் பவர் இருப்பது இயல்பு. வளரும் கண்ணுக்கு அது, நீள நீளச் செலவாகும் கையிருப்பு. ஆறு வயதில் அந்தக் கையிருப்பு பிளஸ் 0.75ஐவிடக் குறைந்துவிட்டால், பின்னால் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 4,500க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே அறிவதற்கு மிக நம்பகமான ஒற்றை அடையாளம் இதுதான் என்று கண்டார்கள். 'பவர் எதுவும் இல்லை, கண் நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பினாலும், மருந்து விட்டபின் வந்த எண் என்ன என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணின் நீளத்தை ஒளிக்கருவியில் அளக்கும் வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். வலியில்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை, சில நொடிகளில் முடிந்துவிடும். அந்த மி.மீ. எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

படி 4: சாதாரணப் பரம்பரையா, தனி மரபணு நோயா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் படி தேவைப்படாது. ஆனால் பள்ளிக்குப் போகும் முன்பே மைனஸ் 5, 6 என்று இருந்தால், இருட்டில் தடுமாறினால், கண்விழி தானாக இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருந்தால், கண்ணாடி போட்ட பிறகும் பார்வை தெளியாவிட்டால், இது வேறு கதையாக இருக்கலாம். காது கேட்பதில் குறை, பிறவியிலேயே அண்ணப் பிளவு, சிறு வயதிலேயே மூட்டு வலி ஆகியவை கூடவே இருந்தால் ஸ்டிக்லர் நோய்க்குறியையும், வயதுக்கு மீறிய உயரமும் நீண்ட மெல்லிய விரல்களும் இருந்தால் மார்ஃபான் நோய்க்குறியையும் மருத்துவர் சந்தேகிப்பார். ஸ்டிக்லரில் விழித்திரை விலகும் ஆபத்து சிறு வயதிலேயே இருக்கிறது; மார்ஃபானில் இதயத்தின் பெரிய இரத்தக் குழாயையும் பார்த்தாக வேண்டும். இங்கேதான் மரபணுப் பரிசோதனைக்கு உண்மையான மதிப்பு உண்டு.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் சில விழித்திரை நோய்கள் அதிக கிட்டப்பார்வையோடு தொடங்குவது உண்டு. உங்களைக் குறை சொல்வதற்காக யாரும் இதைக் கேட்பதில்லை. எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று முடிவெடுக்க அது உதவும்.

படி 5: நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில்

பணம் கேட்காத சிகிச்சை இது ஒன்றுதான். பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டுகிறது, அது கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு). வெளியில் மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். எனவே நம் ஊர் உச்சி வெயிலில் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. வேப்பமர நிழல் போதும், தொப்பியும் போடலாம்.

சீனாவின் குவாங்சோவில் பள்ளி நாளில் 40 நிமிட வெளி வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்தபோது, மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதத்திலிருந்து 30.4 சதவீதமாகக் குறைந்தார்கள். தைவான் 2010 முதல் பள்ளிகளில் நாளுக்கு 120 நிமிடம் வெளியில் என்ற திட்டத்தை நடத்துகிறது. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கும் இதனால் பலன் உண்டு என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. ஆனால் இதன் பலன் கிட்டப்பார்வை தொடங்குவதற்கு முன்புதான் மிகுதி. கண்ணாடி வந்த பிறகு இது மட்டும் போதாது.

இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது? ஒரே மூச்சில் தேவையில்லை. பள்ளிக்கு நடந்து போவது, இடைவேளையில் வகுப்பறைக்கு வெளியே இருப்பது, மாலை டியூஷனுக்கு முன் முக்கால் மணி நேர விளையாட்டு என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மாலை டியூஷன் தேவையா என்பதையும் யோசியுங்கள். பிரிட்டனில் பெரிய தரவுத் தொகுப்பை மரபணு முறையில் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டவர்கள், ஒவ்வோர் ஆண்டுக் கல்வியும் சராசரியாக 0.27 டயாப்டர் மைனஸ் பக்கம் தள்ளுகிறது என்று கண்டார்கள். படிப்பை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. படிக்கும் விதத்தை மாற்றலாம்: புத்தகம் முழங்கை நீளத்துக்குக் குறையாத தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படி.

படி 6: சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது

கிட்டப்பார்வை வந்துவிட்டால் முதல் வேலை, முழுப் பவரில் கண்ணாடி. "இந்த வயதில் எதற்கம்மா கண்ணாடி, போட்டால் ஏறிக்கொண்டே போகுமே" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் அழுத்திச் சொல்வார்கள். மலேசியாவில் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வில், குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது.

அதற்கு மேல், ஏறும் வேகத்தைக் குறைக்க நான்கு வழிகள் இருக்கின்றன.

குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்து. சிங்கப்பூரில் தொடங்கிய ஆய்வுகளால் புகழ் பெற்றது. இரவில் ஒரு சொட்டு. இந்தியாவில் 0.01 சதவீதம் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. ஹாங்காங் ஆய்வு 0.05, 0.025, 0.01 ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, 0.05 சதவீதம் அதிகப் பலன் தருவதாகக் கண்டது. அதே குழு, இன்னும் கிட்டப்பார்வை வராத 4 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு 0.05 சதவீதம் கொடுத்துப் பார்த்தது. இரண்டு ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தது 28.4 சதவீதம் பேருக்கு. மருந்து கலக்காத வெறும் சொட்டு பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு. 2023இல் வந்த இந்த முடிவு, பரம்பரை வலுவாக உள்ள குடும்பங்கள் மருத்துவரிடம் பேச வேண்டிய ஒன்று.

ஓர் எச்சரிக்கை. மருந்துக் கடையில் 1 சதவீத அட்ரோபினும் கிடைக்கும். அது 0.01ஐவிட நூறு மடங்கு செறிவானது. குப்பியில் அச்சிட்டுள்ள எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டும் விடாதீர்கள். விட்டபின் மூக்கோரக் கண் முனையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். குப்பியைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மருந்தைத் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். செறிவு கூடியதை நிறுத்தினால் பவர் மீண்டும் வேகமெடுக்கக்கூடும்.

சிறப்புக் கண்ணாடி வில்லைகள். நடுவில் தெளிவான வட்டமும் சுற்றிலும் நுண்ணிய வில்லைகளும் கொண்டவை. ஹாங்காங்கில் உருவான இவ்வகை வில்லை, இரண்டு ஆண்டு ஆய்வில் பவர் ஏறும் வேகத்தைச் சுமார் 52 சதவீதம் குறைத்தது. மியோஸ்மார்ட், ஸ்டெல்லெஸ்ட் போன்ற பெயர்களில் இந்தியாவிலும் கிடைக்கின்றன. விலை கூடுதல். நாள் முழுதும் போட வேண்டும், கண்ணாடிச் சட்டம் மூக்கில் நழுவக் கூடாது. நழுவினால் பிள்ளை கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்க்கும். கொடுத்த பணம் வீணாகும்.

பகலில் போடும் இரட்டைக் குவிய மென் கான்டாக்ட் லென்ஸும், இரவில் போட்டுக் காலையில் கழற்றும் கடின லென்ஸும் மற்ற இரண்டு. இரண்டுமே பலன் தருபவை. ஆனால் கிருமித் தொற்று வந்தால் கருவிழியே பாதிக்கப்படும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவும் வாய்ப்பு உள்ள வீட்டில் இவற்றைத் தொடங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சிவப்பு ஒளிக் கருவியை வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். 12 வயதுச் சிறுமி ஒருவருக்கு அதனால் விழித்திரை பாதிக்கப்பட்டது 2023இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

கையில் பணம் குறைவாக இருந்தால் என் வரிசை இது: முழுப் பவரில் சாதாரணக் கண்ணாடி, வெளியில் இரண்டு மணி நேரம், மருத்துவர் எழுதினால் அட்ரோபின். சிறப்பு வில்லை வாங்க முடியவில்லையே என்று முதல் இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 7: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணைப் பாருங்கள்

ஒவ்வொரு முறையும் தேதி, இரு கண்ணின் பவர், இரு கண்ணின் நீளம் ஆகியவற்றை அதே தாளில் எழுதுங்கள். கிட்டப்பார்வை இல்லாத பிள்ளைக்கும் பள்ளி வயதில் கண் ஆண்டுக்கு 0.1 மி.மீ. அளவில் வளரும். எனவே சிகிச்சை எடுத்தும் கொஞ்சம் நீண்டிருக்கிறதே என்று பதற வேண்டாம். ஆண்டுக்கு அரை டயாப்டருக்கு மேல் ஏறினால், மருந்தின் செறிவைக் கூட்டுவதா, வில்லையையும் மருந்தையும் சேர்ப்பதா என்று கேளுங்கள். பெரும்பாலும் 15, 16 வயதில் வேகம் தணியும். சிலருக்கு இருபதுகளிலும் தொடரும். ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைக்கு ஓடுவதற்கு நீண்ட காலம் இருக்கிறது என்பதால்தான் சிறு வயதுத் தொடக்கத்தை மருத்துவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள்.

திடீரென்று கண் முன் மின்னல் அடிப்பது, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறப்பது, திரை விழுந்ததுபோல ஒரு பக்கம் மறைவது ஆகியவற்றில் எதைப் பிள்ளை சொன்னாலும் அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். இந்த விதி, பவர் அதிகமுள்ள பெற்றோருக்கும் பொருந்தும்.

அடுத்த பரிசோதனைக்கு மூத்த பிள்ளையை அழைத்துப் போகும்போது, இன்னும் கண்ணாடி போடாத தம்பியையோ தங்கையையோ கூடவே கூட்டிச் சென்று சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிடுங்கள். பிளஸ் கையிருப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேளுங்கள்.